விஷசுரமும் அதன் மறைந்த கணக்கும்

மக்களை வருத்தும் நோய்கள் பலவற்றுள்ளும் சில, பெயர் கேட்ட அளவிலேயே அச்சம் விளைப்பன; சில, எத்துணைக் கேடு செய்யினும் எளியனவாகவே எண்ணப்படுவன. வைசூரி, வாந்திபேதி, பிளேக் என்பன முன்வகையின. வைசூரி கண்ட இல்லத்தின் வாயிலில் நம் முன்னோர் வேப்பிலை செருகினர். வாந்திபேதி பரவிய ஊரை விட்டு மக்கள் அகன்றனர். பிளேக் தோன்றிய நகரங்களில் அரசாங்கத்தார் வீடுதோறும் புகுந்து சோதனை செய்தனர். பின்வகைக்கு எடுத்துக்காட்டாவது, இன்புளுயன்சா என மேனாட்டாராலும் விஷசுரம், விஷக்காய்ச்சல் என நம்மவராலும் வழங்கப்பெறும் நோய். அஃது ஆண்டுதோறும் மழையோடு வருகின்றது. மூன்று நாட் காய்ந்து, ஒரு வாரம் இருமி, கஞ்சியும் மிளகு இரசமும் உண்டு எழுந்துவிடுகின்றோம். ஆதலின் இதனை நோயென்று மதிப்பாரும் அரியராயினர். ஆயினும், இது கொன்ற மக்களின் தொகை பெரிது. அத்தொகை இதன் பெயரில் எழுதப்படாது பிற நோய்களின் பெயரில் எழுதப்பட்டு வந்தது. அங்ஙனம் மறைந்த கணக்கை வெளிப்படுத்த அறிஞர் முயன்ற வரலாற்றையும், அதனால் நாம் அறிந்துகொள்ளத்தக்கவற்றையும் இக்கட்டுரையில் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். இன்புளுயன்சா என்பது இத்தாலிய மொழிச் சொல். ஒன்றன் ஆற்றல் மற்றொன்றன்மேற் சென்று தாக்குதல் என்பது அதன் பொருள். விண்மீன்களும் கோள்களும் மக்கள் உடம்பைத் தாக்குவதனாலேயே ஊர் முழுதும் ஒருங்கே நோயுறுகின்றது என்று அந்நாட்டார் பண்டைக்காலத்திற் கருதியமையால் இப்பெயர் எழுந்தது. 1743-ஆம் ஆண்டில் இத்தாலியினின்று ஐரோப்பாவிற் பரவிய நோயோடு இச்சொல்லும் இங்கிலாந்து புகுந்தது. தமிழிலோ இதற்கெனத் தனிப்பெயர் அமைந்திலது. சுரம் என்பதும் காய்ச்சல் என்பதும் உடற்சூடு மிகும் எல்லா நோய்க்கும் பொதுவான சொற்கள். விஷம் என்னும் அடையைச் சேர்த்த பின்னரும், டைபாய்டு வந்தவர்க்கும் டெங்கு வந்தவர்க்கும் அப்பெயரையே வழங்கக் காண்கின்றோம். இலக்கண நூலார் பெயர்களைப் பொதுப்பெயர் என்றும் சிறப்புப்பெயர் என்றும் பகுத்தனர். சிறப்புப்பெயர் பெறாத பொருள் பொதுப்பெயருள் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இந்நோயினும் சிறந்த சான்று வேண்டா.

இந்நோய் எங்ஙனம் உயிரைக் கவர்கின்றது என்பதையும் ஈண்டே கூறிவிடுதல் நலம். இதனை விளைப்பது ஒருவகை வைரஸ். இருமலினும் தும்மலினும் தெறிக்கும் நுண்துளிகளின் வழியே அஃது ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைந்து, மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறத் தோலைச் சிதைக்கின்றது. பெரும்பாலார் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். சிலர்க்கு அவ்வைரஸே நுரையீரலின் அடிவரை இறங்கி அங்கே அழற்சியை உண்டாக்கும். வேறு சிலர்க்கு, தொண்டையில் வாளா கிடந்த பாக்டீரியாக்கள், சிதைந்த உட்டோலைக் காவலற்ற கோட்டை வாயிலாகக் கொண்டு நுரையீரலினுட் புகும். சுரம் தணிந்தது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும்போது மீண்டும் சுரம் ஏறி, மார்பு வலித்து, மூச்சு முட்டும். நிமோனியா என்று வைத்தியர் கூறுவது இதுவே. இன்னும் சிலர்க்கு, முன்னரே உள்ள இருதய நோயோ, நீரிழிவோ, ஈளையோ, சிறுநீரக நோயோ இச்சுரத்தால் முற்றி உயிருக்கு இறுதி நேரும். இறந்தபின் எழுதப்படும் காரணம் நிமோனியா என்றிருக்கும், மாரடைப்பு என்றிருக்கும், முதுமை என்றும் இருக்கும். வாயிலைத் திறந்துவிட்ட கள்வன் பெயர் எவ்வேட்டிலும் இராது.

இக்கள்வனை முதன்முதற் கணக்கினாற் பிடித்தவர் வில்லியம் பார் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் 1837-ஆம் ஆண்டு முதல் பிறப்பிறப்புப் பதிவு முறையாக நடைபெறலாயிற்று. அப்பதிவு அலுவலகத்திற் கணக்குகளைத் தொகுத்து ஆராயும் பணி பாருக்கு வாய்த்தது. 1847-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் நகரில் இன்புளுயன்சா கடுமையாகப் பரவிற்று. அதனால் இறந்தார் என்று ஏட்டில் எழுதப்பட்டோர் சிலரே. ஆயின், பார் அத்தொகையோடு அமைந்தாரல்லர். அந்நகரில் அப்பருவத்தில் ஒரு வாரத்தில் வழக்கமாக இறப்போர் எத்தனையர், அவ்வாரங்களில் இறந்தோர் எத்தனையர் என்று ஒப்பிட்டு நோக்கினார். மார்ச்சளி, நிமோனியா, ஈளை முதலியவற்றால் இறந்தோரும், முதியோரும் வழக்கத்தினும் பன்மடங்கு மிக்கிருந்தனர். அம்மிகையை உண்டாக்கியது இன்புளுயன்சாவே என்று அவர் நிறுவினார். மிகைச்சாவு என்று இக்காலத்தார் கூறும் கணக்குமுறை இதுவே. 2020-ஆம் ஆண்டு முதற் பரவிய கொரோனாப் பெருந்தொற்றின் மெய்யான அழிவை அளக்கவும் அறிஞர் இம்முறையையே மேற்கொண்டனர். மருந்து கண்டார் புகழ் உலகெங்கும் பேசப்படுகின்றது. எண்ணக் கற்பித்த இவர் பெயரை அறிந்தாரோ சிலர்.

1889-ஆம் ஆண்டின் இறுதியில் உருசிய நாட்டிற் பரவிய சுரம், இருப்புப்பாதைகளின் வழியாகவும் நீராவிக் கப்பல்களின் வழியாகவும் சில மாதங்களில் உலகைச் சூழ்ந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்த செருமானிய அறிஞர் ரிச்சர்டு பைபர் என்பார், நோயாளரின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே இந்நோயின் வித்து என்று 1892-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கருத்துப் பிழையென்று பின்னர்த் தெளிவாயிற்று. அவர் கண்டது, திறந்த வாயிலில் நுழையும் பாக்டீரியாக்களுள் ஒன்றேயாகும். எனினும், இன்புளுயன்சா என்னும் பெயரை அது தன் அறிவியற் பெயரில் இன்றளவும் தாங்கி நிற்கின்றது. நோய்க்கு உரிய பெயர் நோய்க்கு வழங்கப்படாமலும், உரியதல்லாத ஒன்றற்கு வழங்கப்பட்டும் வந்த விந்தையை நோக்குக.

இனி நம் நாட்டின் பெருந்துயரத்திற்கு வருவோம். 1918-ஆம் ஆண்டு முதல் உலகப்போர் முடிவெய்தும் தறுவாயில் இருந்தது. போரிட்ட நாடுகள் செய்தித்தாள்களை அடக்கி வைத்திருந்தன. போரிற் கலவாத ஸ்பெயின் நாட்டுத் தாள்கள் மட்டும் நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதின. அதனால் அந்நாட்டிற் பிறவாத நோய்க்கு ஸ்பானியக் காய்ச்சல் என்று பெயராயிற்று. இங்கும் பெயர் பிழைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்திற் காவல் புரிந்த போலீஸ் சிப்பாய்கள் சிலர் சுரத்தால் மருத்துவமனையிற் சேர்ந்தனர். அங்கிருந்து நோய் நகரெங்கும் பரவி, போர்க்களத்தினின்று மீண்ட சிப்பாய்களோடு இரயிலேறி உள்நாடு புகுந்தது. முதலலை பெருங்கேடு செய்யாது அடங்கிற்று. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ ஊழித்தீயை ஒத்தது. பம்பாய் நகரில் மட்டும் அக்டோபர் 6-ஆம் நாள் ஒரே நாளில் 768 பேர் இறந்தனர். பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் மிகவும் அழிந்தன. நம் சென்னை மாகாணத்தில் அழிவு அவற்றினும் குறைவாயினும், தப்பிய மாவட்டம் ஒன்றுமில்லை.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறிற்று. ஏழை மக்கள் அரைவயிற்றோடு இருந்தனர். வழக்கமாக இச்சுரத்திற்கு இரையாவோர் குழந்தைகளும் முதியோருமாக இருக்க, அவ்வாண்டிலோ இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோர் பெருந்தொகையினராய் மடிந்தனர். ஆடவரினும் பெண்டிர் மிகுதியாக இறந்தனர். நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்யும் கடமையும், வீட்டார் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமும் அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கின என்று ஆராய்ந்தோர் கூறுவர். கருவுற்ற மகளிரின் நிலை உலகெங்கும் இரங்கத்தக்கதாயிருந்தது.

மடிந்தவர் எத்தனையர் என்னும் வினாவுக்கு இன்றும் ஒருதலையான விடையில்லை. ஊர்ச்சாவுகளைப் பதியவேண்டிய அதிகாரிகளே நோயிற் கிடந்தனர்; சிலர் இறந்தும் போயினர். பதிந்த இடங்களிலும் பெரும்பாலன சுரம் என்னும் பொதுத்தலைப்பின்கீழேயே எழுதப்பட்டன. அரசாங்கச் சுகாதார அதிகாரிகள் பிரிட்டிஷ் இந்தியாவிற்கு முதலிற் கூறிய மதிப்பு 60 இலட்சம் அளவினது. 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திய மார்ட்டன் என்பார், சுதேச சமஸ்தானங்களையும் உளப்படுத்தி 120 முதல் 130 இலட்சம் எனக் கணித்தார். கிங்ஸ்லி டேவிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அத்தொகை ஏறத்தாழ 2 கோடியை எட்டும் என்றார். அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் பலவும் 1 கோடியே 40 இலட்சத்திற்கும் 1 கோடியே 80 இலட்சத்திற்கும் இடைப்பட்டதாகக் காட்டுகின்றன. எங்ஙனமாயினும், அந்நோயால் இந்தியாவைப்போல் மக்களை இழந்த நாடு பிறிதில்லை. இற்றை இந்தியாவின் எல்லைக்குட்பட்ட மக்கட்டொகை 1911-இல் 25 கோடியே 21 இலட்சமாயிருந்தது, 1921-இல் 25 கோடியே 13 இலட்சமாகக் குறைந்தது. பதிற்றாண்டுக் குடிமதிப்புகளில் மக்கட்டொகை குறைந்ததாகக் கண்டது அஃதொன்றேயாகும்.

முதற்கணக்கிற்கும் பிற்கணக்கிற்கும் இடையே நின்ற வேறுபாடு வெறும் எண் வேறுபாடன்று. அவ்விடைவெளியில் நிற்பார் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் தாயோ தந்தையோ மகவோ ஆவர். போரில் இறந்தார்க்கு நகரங்களில் நினைவுத்தூண்கள் எழுந்தன. சுரத்தில் இறந்தவரை நினைவூட்டும் கல்லை யாம் எவ்வூரிலும் கண்டிலேம்.

அவர்களைக் கொன்றது யாது என்பதும் நெடுங்காலம் விளங்கவில்லை. 1931-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஷோப் என்னும் அமெரிக்கர் பன்றிகளிடத்து இந்நோயின் வைரஸைப் பிரித்துக் கண்டார். 1933-ஆம் ஆண்டில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லைட்லா என்னும் பிரிட்டிஷ் அறிஞர் மூவர், மனிதரைப் பற்றும் வைரஸைக் கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கின் துணையாற் கண்டறிந்தனர். 1918-ஆம் ஆண்டில் இறந்தோரின் நுரையீரற் பகுதிகளைப் பல்லாண்டுகள் கழித்து ஆராய்ந்த அறிஞர், அவர்களுட் பெரும்பாலார் வைரஸுக்குப் பின் நுழைந்த பாக்டீரியாவின் நிமோனியாவாலேயே இறந்தனர் என்று 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பென்சிலின் முதலிய மருந்துகள் அந்நாளில் இல்லை. இந்நாளில் அவை இருந்தும், காலம் தாழ்த்து வருவார்க்கு அவையும் உதவுவதில்லை.

சென்னை நகர் இந்நோயின் வரலாற்றில் மீண்டும் இடம்பெற்றது 1957-ஆம் ஆண்டில். கீழ்த்திசையில் எழுந்த புதுவகை இன்புளுயன்சா, அவ்வாண்டு மே மாதத்தில் சிங்கப்பூரினின்று வந்த கப்பலின் வழியே சென்னைத் துறைமுகத்தில் இறங்கி நாடெங்கும் பரவிற்று. நீலகிரியிற் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் அமைந்திருந்த இன்புளுயன்சா ஆராய்ச்சி மையம் அதன் போக்கை ஆராய்ந்தது. 1958-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை பதிவான நோயாளர் 44 இலட்சத்து 51 ஆயிரத்தின் மிக்கார். பதிவான சாவுகளோ 1,098. இவ்விரண்டு எண்களையும் வகுத்து நோக்குமின். நாலாயிரவர்க்கு ஒருவர் இறந்தார் என்று கணக்குக் கூறும். 1918-ஐப்போல் அது கொடியதன்று என்பது மெய்யே. ஆயினும், இவ்வெண் இன்புளுயன்சா என்று பெயர் எழுதப்பெற்றாரை மட்டுமே எண்ணியது. அந்நாட்களில் நிமோனியா என்றும் இருதய நோய் என்றும் முதுமை என்றும் எழுதப்பட்டாருள் இதனால் இறந்தார் எத்தனையரோ, அதனை அவ்வெண் உரைப்பதன்று.

இற்றை நிலையும் அதுவே. 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் எச்1என்1 வகை இன்புளுயன்சா கண்டோர் எனச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டோர் 42,592 பேர். இறந்தோர் 2,990 பேர். நாடெங்கும் பேரச்சம் எழுந்தது. ஆனால், 2010 முதல் 2013 வரையுள்ள ஆண்டுகளின் சாவுப் பதிவுகளைப் பார் காட்டிய நெறியைத் தழுவி ஆராய்ந்தோர், யாரும் அச்சமுறாத அவ்வாண்டுகளில் இந்நோய் தொடர்பான சாவுகள் இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரி 1,27,000 அளவின என்று மதிப்பிட்டனர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழவிகளும் அறுபத்தைந்து கடந்த முதியோருமே அவருள் மிக்கார். உலக முழுதுக்குமாக, ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடிப் பேர் இந்நோயுறுகின்றனர் என்றும், அவருள் 30 முதல் 50 இலட்சம் பேர்க்கு அது கடுமையாகின்றது என்றும், 2,90,000 முதல் 6,50,000 பேர் மூச்சுறுப்புக் கோளாறுகளால் மடிகின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறும். மாரடைப்பை இதனோடு இணைத்து எண்ணுவார் முன்னர் அரியர். கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்திற் செய்து 2018-இல் வெளியான ஆராய்ச்சியோ, இன்புளுயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு நேர்தல் ஏனைக் காலத்தினும் ஆறு மடங்கு மிகும் என்று காட்டிற்று. 'காய்ச்சல் கண்டு படுத்திருந்தார். திடீரென நெஞ்சடைத்துப் போயினார்' என்று துக்க வீடுகளில் நாம் கேட்கும் சொற்களை இவ்வெண்ணோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கு இதனை நினைவூட்டுவது பள்ளியின் வருகைப் பதிவேடு. சென்னை, வேலூர் முதலிய இடங்களில் இந்நோய் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி உச்சமடைகின்றது என்று ஆராய்ந்தோர் கூறுவர். ஐப்பசி அடைமழையிற் பதிவேட்டின் பக்கங்கள் வராதார் குறிகளால் நிறையக் காண்கின்றோம். மாணாக்கர் கொணரும் விடுப்பு விண்ணப்பங்கள் அனைத்தும் காய்ச்சல் என்னும் ஒரே சொல்லைக் கொண்டிருக்கும். நாலைந்து நாளில் மாணாக்கர் மீள்வர். சின்னாள் கழித்து, பாட்டனார் இறந்தார் என்று மற்றொரு விண்ணப்பம் அவ்வீட்டினின்றும் வருதலும் உண்டு. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்புண்டா என்று வினவுவார் இல்லை. எல்லாவற்றிற்கும் தொடர்புண்டு என்று யாம் கூறேம். ஆனால் வினவாமலே விடுவதனாலன்றோ இந்நோய் எளியதென்று பெயர் பெற்றது?

இவ்வைரஸ் தன் புறத்தோற்றத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் இயல்பினது. அதனால் சென்ற ஆண்டு நோயுற்றாரும் தடுப்பூசி இட்டாரும் இவ்வாண்டு மீண்டும் காவல் தேட வேண்டியவராவர். இதனைக் கண்காணிக்க உலகச் சுகாதார நிறுவனம் 1952-ஆம் ஆண்டில் பன்னாட்டு ஆய்வகங்களை ஒருங்கிணைத்தது. அவை தரும் செய்திகொண்டே ஒவ்வோராண்டின் ஊசிமருந்தும் அமைக்கப்படுகின்றது. ஊசி இட்டவர்க்கு நோய் வாராதென்பது உறுதியன்று; ஆயின், நோய் வருதலும் வந்தபின் கடுமையாதலும் குறையும் என்பது உறுதி. அதன் பயன் தோன்ற ஏறத்தாழ இரண்டு வாரமாகும். ஆதலின் மழைக்கு முன்னரே இடுதல் முறை. முதியோர், கருவுற்ற மகளிர், ஆறு மாதம் நிரம்பிய குழந்தைகள், நீரிழிவு, ஈளை, இருதய நோய் உடையார் ஆகியோர் இதுபற்றி மருத்துவரைக் கேட்டல் கடன். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு ஊசி இடுதல் இயலாது. தாய் கருவுற்றிருக்கும்போது இட்டுக்கொண்ட ஊசியே அதற்கும் காவலாகும்.

நோய் வந்தபின் செய்யத்தக்கனவும் சில உள. மேற்கூறிய இனத்தார்க்குச் சுரம் கண்டால் இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். வைரஸை அடக்கும் மருந்து அக்காலத்திற்குள் தொடங்கினாற் பெரும்பயன் தரும். ஆண்டிபயாடிக் மருந்துகள் வைரஸைக் கொல்லா. அவற்றைக் கடையிற் கேட்டு வாங்கி உண்ணுதல் தீது. குழந்தைகட்கு ஆஸ்பிரின் கொடுத்தல் ஆகாது. அது மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய்க்கு வழியாகும். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலித்தல், உதடு நீலம் பாரித்தல், அறிவு மயங்குதல், தணிந்த சுரம் மீண்டும் ஏறுதல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும் பொழுது விடியட்டும் என்று காத்திராது மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

அன்பர்காள், இறுதியாக ஒன்று. வீட்டில் ஒருவர் இறந்தால், சாவுப் பதிவிற்கு வேண்டிய சான்றை எழுதும் மருத்துவரிடம், அதற்கு முன் வந்த சுரத்தையும் அதன் நாட்களையும் மறவாது கூறுமின். அத்துயரப் பொழுதில் இது சிறு செயலாகத் தோன்றும். ஆயினும் 1847-ஆம் ஆண்டில் வில்லியம் பார் தொடங்கிய கணக்கு, இத்தகைய சிறு செய்திகளாலேயே நிறைவுறற்பாலது. எண்ணப்படாத சாவுக்கு மருந்து தேடுவாரும் இல்லை. பொருள் ஒதுக்குவாரும் இல்லை. வருகின்ற ஐப்பசிக்கு முன், நம் இல்லத்து முதியோரை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.